உப்பில்லாத தண்ணீர்

இன்ஜினியர் வீட்டு வாசலில் குடங்கள் சிதறிக் கிடந்தன. விரிசல் விட்ட பிளாஸ்டிக் குடம், நசுங்கிய சில்வர் குடம், கைப்பிடி போன வாளி. யாரும் மறந்து வைத்துவிட்டுப் போனவை அல்ல, குறி பார்த்து எறிந்தவை. ஜன்னலில் ஒரு கண்ணாடிகூட மிச்சமில்லை. சுவரில் கரியால் கொட்டை எழுத்தில் ஒரே வார்த்தை: திருடன்.

"வாசல்லயே பேர்ப்பலகை மாட்டிட்டாங்க. வீடு மாறி வந்துட்டோமோன்னு யாருக்கும் சந்தேகம் வராது," என்றான் ஸ்பேனர்.

அண்ணி சிரிக்கவில்லை. காரின் கதவைச் சாத்திவிட்டு, குடங்களைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

அவள் ஸ்பேனருடைய அண்ணன் மனைவி. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது ஊருக்கே அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவள். தீப்பிடித்த கடை எது, தீ வைத்த கடை எது என்று சாம்பலைக் கிளறிப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று பேர். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். வெள்ளத்தில் மெக்கானிக் ஷெட்டைப் பறிகொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்ற கொழுந்தனையும் கூடவே இழுத்துக்கொண்டாள். ஷெட் போனாலும் ஸ்பேனர் என்ற பேர் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

அந்த வெள்ளம் ஊரின் குடிநீர்க் குழாய்களையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. சரி செய்ய அரசாங்கம் கடன் கொடுத்தது. தானமில்லை, கடன். ஊர் முழுக்கத் தண்ணீர் வரியாகக் கட்டித் தீர்க்க வேண்டியது. முதல் தவணையில் புதுக் குழாய் பதித்தாகிவிட்டது. அதில் தண்ணீர் வருவதைக் கடன் அதிகாரி தன் கண்ணால் பார்த்தால்தான் அடுத்த தவணை கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கும் மேட்டுத் தெருக்களுக்கும் குழாய் போவது அதற்குப் பிறகுதான். அதிகாரி இன்று சாயங்காலம் வருகிறார். ஆனால் குழாயைத் திறந்துவிட வேண்டிய குடிநீர் இன்ஜினியர் ஐந்து நாளாக ஆளைக் காணோம். பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார் என்று ஊரே பேசியது.

நம்பாதவர் ஒருவர்தான். இன்ஜினியருடைய மைத்துனர், மனைவியின் அண்ணன், கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நேற்று ஆபீசுக்கு வந்து, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எப்படியாவது மாப்பிள்ளையக் கண்டுபிடிச்சுக் குடுங்க அண்ணி. அவர் கையில ஒரு பை இருக்கும். அங்க இங்க விட்டுடாம பையோட கூட்டிட்டு வாங்க. வந்து லைனைத் திறந்துவிட்டா ஊர் எல்லாத்தையும் மறந்துடும்."

அலைச்சலுக்கு என்று தன் காரையும் டிரைவரையும் அனுப்பி வைத்தவரும் அவர்தான். அந்தக் காரில்தான் இப்போது வந்து இறங்கியிருந்தார்கள்.

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. இன்ஜினியருடைய மனைவி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவர்கள் கையில் கல் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் கதவு முழுசாகத் திறந்தது.

"உள்ள வாங்க. உக்காருங்க. கொஞ்சம் வெந்நீர் தரட்டுமா?"

இந்த ஊரில் இப்போது யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. ஸ்பேனருடைய மகள், வெள்ளத்துக்குப் பிறகு ஊரே காசு கொடுத்து வாங்கும் லாரித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயில் கிடக்கிறாள். அவள் கேட்கும்போதெல்லாம் அவன் மனைவி பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கிறாள். இங்கே ஒருத்தி வெந்நீர் வேண்டுமா என்கிறாள்.

அண்ணி டம்ளரை வாங்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது எப்ப வாங்கினது?"

"வெள்ளத்துல எல்லாம் போச்சு. அது வடிஞ்சதும் வாங்கினேன். ஏன்?"

"இந்த ஊர்த் தண்ணி கொதிச்சா பாத்திரத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை படியும். இதுல மேல ஒரு வளையம் இருக்கு. ஆனா அடியில பளபளன்னு இருக்கு. தேய்ச்சீங்களா?"

"தேய்க்கத் தண்ணிக்கு எங்க போறது? அடிப்பிடிச்சுதுன்னு சுரண்டி எடுத்தேன், போன வாரம்."

"அதுக்கப்புறம் வெள்ளை ஏறவே இல்லை. ஸ்பேனர், அந்த வெந்நீரைக் குடிச்சுப் பாரு."

அவன் ஒரு வாய் குடித்தான். நாக்கில் புரட்டினான்.

"சப்புன்னு இருக்கு. உப்பும் இல்லை, பிளீச்சிங் நாத்தமும் இல்லை. பேட்டரிக்கு ஊத்துற தண்ணி மாதிரி."

"அதையெல்லாம் குடிச்சுப் பாத்திருக்கியா?"

"ஷெட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு அதான் குடுப்பேன். மறுபடி வர மாட்டாங்க."

அண்ணி டீச்சரைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

"தினமும் விடியும்போது பின்கதவுகிட்ட ஒரு கேன் இருக்கு," என்றாள் டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க அண்ணன் வச்சிட்டுப் போறார்னு நினைச்சேன். அம்மா அப்பா போனப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். வேற யார் எனக்கு வைப்பாங்க? வாய்விட்டுக் கேட்கலை. வெளியில தெரிஞ்சா ஊரே வந்து நிக்கும்."

தெருவுக்கு வந்ததும் ஸ்பேனர் கேட்டான். "மழைத் தண்ணியா இருக்குமோ?"

"வெள்ளம் வடிஞ்சதிலேருந்து ஒரு பொட்டு மழை இல்லை. உப்பில்லாத தண்ணி மேலேருந்து விழலைன்னா எங்கேருந்து விழும்?"

"கேள்வியும் நீங்களே கேட்டா நான் எதுக்கு?"

"சுவத்துலேருந்து. ஏ.சி. ஓடுற சுவர். இந்தப் புழுக்கத்துல ஒரு ஏ.சி. குடம் குடமா சொட்டும். வெள்ளத்துல கரண்டே போன ஊர்ல பகலும் ராத்திரியும் ஏ.சி. ஓடுற கட்டடம் எது?"

ஸ்பேனர் டிரைவரைப் பார்த்துச் சொன்னான். "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு விடுங்க. சீக்கிரம்."

எக்ஸ்சேஞ்சின் ஜெனரேட்டர் தெருமுனையிலேயே கேட்டது. உள்ளே இருக்கிற மெஷின்கள் சூடேறினால் ஊரில் ஒரு போனும் பேசாது என்பதால், வெள்ளத்துக்குப் பிறகு அது நின்றதே இல்லை. வாசலில் வாட்ச்மேன், யாரும் உள்ளே போகக் கூடாது என்றார். கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"உள்ள போகலை அண்ணாச்சி. பின்பக்கம் நிழல்ல நிக்கறோம்," என்று நடந்தாள் அண்ணி.

பின்சுவரில் வரிசையாக ஏ.சி.கள். ஒவ்வொன்றின் கீழும் சுவரில் பச்சைப் பசேலென்று பாசி இறங்கியிருந்தது. அண்ணி அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து கடைசி மூன்றின் முன்னால் நின்றாள். அங்கே பாசி பழுப்பாகக் காய்ந்து, நகத்தால் தொட்டால் உதிர்ந்தது.

"மெஷின் ஓடுது. சுவர் காஞ்சிருக்கு," என்றான் ஸ்பேனர். "தண்ணிய யாரோ நடுவழியில மடக்கறாங்க."

மடக்கிய விதமும் தெரிந்தது. மூன்று ஏ.சி.யின் சொட்டுக் குழாய்களும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, எங்கும் தொய்வில்லாமல் ஒரே சரிவாக இறங்கி, ஜன்னல் கம்பி வழியாக உள்ளே போயின. மூட்டுகளில் சணல் சுற்றியிருந்தது.

"இது வாட்ச்மேன் கட்டினது இல்லை, குழாய் வேலை தெரிஞ்ச கை," என்றாள் அண்ணி. ஜன்னல் பக்கம் வாயை வைத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசினாள். "சார், நீங்க அனுப்பற கேன் வந்து சேருது. உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்க. கண்ணாடி மட்டும்தான் உடைஞ்சிருக்கு. கதவைத் திறங்க."

ஜன்னலை ஒட்டியிருந்த கதவின் தாழ்ப்பாள் விலகியது.

பேட்டரி அறை. அலமாரி அலமாரியாக பேட்டரிகளுக்கு நடுவில், தாடி முளைத்து, கண் உள்ளே போன ஒரு மனிதர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பை கனமாகத் தொங்கியது. இதுதான் ஊர்ப் பணம் என்று ஸ்பேனர் நினைத்தான். ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வந்தது. ஒரே இழுப்பில் பிடுங்கித் திறந்தான்.

உள்ளே துண்டில் சுற்றிய ஒரு இரும்புத் தண்டு. மறை வெட்டியது, கிரீஸ் மணந்தது. மெக்கானிக் கைக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது.

"மெயின் வால்வோட ஸ்பிண்டில். இது இல்லாம வால்வைத் திறக்கவே முடியாது. அண்ணி, இவர் பணத்தை எடுத்துட்டு ஓடலை. சாவியை எடுத்துட்டு ஓடியிருக்கார்."

"ஏன் சார்?" என்றாள் அண்ணி.

இன்ஜினியர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"குழாயெல்லாம் பதிச்சு முடிச்ச அன்னிக்கு, மிச்சம் கிடந்த ஒரு துண்டை அறுத்தேன். நீலப் பெயிண்ட் தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. கீழே மஞ்சள் பெயிண்ட். அதுல மண்டை ஓட்டுப் படம். மூடிக் கிடக்கிற பூச்சிமருந்து ஃபேக்டரியோட கழிவுக் குழாய். தோண்டி எடுத்து, நீலம் அடிச்சு, புதுசுன்னு சப்ளை பண்ணியிருக்காங்க. நான் பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கேன். சொந்தக்காரர் சரக்குத்தானேன்னு."

"சொந்தக்காரர்னா?"

"என் மச்சான்தான். போய்க் கேட்டேன். கடை லைசென்ஸ் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க மாப்பிள்ளைன்னு சிரிச்சார். என் வீட்டுக்காரி பேர்ல இருக்கு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கா. நான் வாயைத் திறந்தா அவ ஜெயிலுக்குப் போவா. திறக்கலேன்னா ஊரே அந்தத் தண்ணியக் குடிக்கும். ரெண்டையும் செய்ய முடியலை. இதைக் கழட்டிக்கிட்டு வந்து உக்காந்துட்டேன்."

அண்ணியின் முகம் மாறியது. ஸ்பேனர் அந்த முகத்தை அவ்வளவு வெளிறிப் பார்த்ததில்லை.

"பையோட கூட்டிட்டு வாங்கன்னு சொன்னான்," என்றாள் மெதுவாக. "ஆளைத் தேடுறவன் எதுக்குப் பையைக் கேட்கணும்? நான் பணம்னு நினைச்சு விட்டுட்டேன். ஸ்பேனர், டிரைவர் எங்க?"

டிரைவர் கதவருகே நின்றிருந்தான், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. அவனுக்குப் பின்னால் ஹார்டுவேர் கடைக்காரரும் இரண்டு தடியர்களும் வந்துகொண்டிருந்தார்கள்.

"மோப்ப நாய்க்குக் காரும் குடுத்து டிரைவரும் குடுத்தா சந்தேகப்பட வேண்டாமா அண்ணி?" என்றான் ஸ்பேனர். தண்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான். ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒருவன் வயிற்றில் குத்தினான், இன்னொருவன் விரலைப் பிரித்துத் தண்டை எடுத்துக்கொண்டான். தடுக்க வந்த இன்ஜினியர் பேட்டரி அலமாரியில் மோதி விழுந்தார்.

கடைக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. "நாலு நாள் தண்ணி ஓடினா எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும் மாப்பிள்ளை. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. அடுத்த தவணை வந்ததும் நல்ல குழாயா மாத்திடறேன். தங்கச்சி மேல சத்தியம்."

கார் போய்விட்டது. அண்ணி நகராட்சி சேர்மனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போலீசுக்கு அடித்தாள். எல்லோரும் சதுக்கத்தில் குழாய் திறப்பு விழா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள்ளயே நிக்கறோம், போனைக் கேக்க ஒரு ஆள் இல்லை," என்றான் ஸ்பேனர்.

வாட்ச்மேன் தன் மொபெட்டில் இன்ஜினியரை ஏற்றிக்கொண்டு, மெயின் வால்வு இருக்கிற பம்ப் ஹவுசுக்குப் பறந்தார். மற்ற இருவரும் ஓடினார்கள். இன்ஜினியர் வீடு வந்ததும் அண்ணி நின்றாள். "நீ சதுக்கத்துக்கு ஓடு. கத்து, எதையாவது செய். ஒருத்தரையும் குடிக்க விடாதே." சொல்லிவிட்டுக் குடங்களை மிதித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சதுக்கத்தில் தலைக்குத் தலை குடம். பொதுக் குழாய்க்குப் பக்கத்தில் சின்ன மேடை. அதில் சேர்மன், ஹார்டுவேர் கடைக்காரர், கையில் வெள்ளைக் கைக்குட்டையோடு கடன் அதிகாரி. ஸ்பேனர் கூட்டத்துக்குள் முட்டி நுழையும்போதே குழாய் கனைத்தது. காற்று சீறியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்தது. பிறகு கண்ணாடி மாதிரி தண்ணீர்.

கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அடிபட்டவர்கள் முனகுவது போலிருந்தது.

"குடிக்காதீங்க. அது விஷம். குழாய் விஷம்," என்று கத்தினான் ஸ்பேனர்.

"லாரிக்காரன் ஆளுடா இவன். குழாய்ல தண்ணி வந்துட்டா இவனுங்க பொழப்பு போயிடும்ல," என்றது ஒரு குரல். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பின்னந்தலையில் ஒரு சொம்பு வந்து விழுந்தது. முன்வரிசையில் குடங்கள் நிரம்பத் தொடங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது ஸ்பேனருக்கே ஒரு நொடி மனம் தடுமாறியது. ஒருவேளை நாலு நாளில் கழுவிக்கொண்டு போய்விடுமோ? ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடலாமோ? அந்த நினைப்பை உதறிவிட்டு மறுபடியும் கத்தினான்.

சேர்மன் முதல் டம்ளரைப் பிடித்து அதிகாரியிடம் நீட்டினார். அதற்குள் கூட்டம் ஒரு பக்கம் பிளந்தது.

"திருடன் பொண்டாட்டிடி."

டீச்சர் வந்துகொண்டிருந்தாள். யாரோ முதுகில் இடித்தார்கள், யாரோ துப்பினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையேறி, சேர்மன் கையிலிருந்த டம்ளரைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் போட்ட குழாய். எங்க அண்ணன் குடுத்த சரக்கு," என்றாள். வகுப்பறையில் பேசிப் பழகிய குரல், கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "முதல்ல நான் குடிக்கறேன். அப்புறம் நீங்க குடிங்க."

டம்ளர் உதட்டுக்குப் போனது. அவள் கண் அண்ணன் மேலேயே இருந்தது.

ஹார்டுவேர் கடைக்காரர் அசையவில்லை. முகத்தில் சிரிப்புகூட ஒட்டிக்கொண்டிருந்தது. டம்ளர் சாய்ந்தது. அடுத்த கணம் அவர் பாய்ந்து வந்து கையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டம்ளர் கல்லில் விழுந்து உருண்டது.

"வேணாம்மா. நீ குடிக்காதே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

"அவங்க ஏன் குடிக்கக் கூடாது?" என்றார் கடன் அதிகாரி.

கடைக்காரர் தங்கை காலடியில் அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பெண் தன் குடத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு சாய்த்தாள். பக்கத்துப் பெண்ணும் சாய்த்தாள். அழுதுகொண்டே, திட்டிக்கொண்டே, ஒவ்வொருவராகக் குடத்தைக் கவிழ்த்தார்கள். அத்தனை நாள் கனவு கண்ட தண்ணீர் செருப்புக் காலுக்கு அடியில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் குழாயும் மெலிந்து நின்றது. இன்ஜினியர் பம்ப் ஹவுசுக்குப் போய்ச் சேர்ந்து வால்வை மூடிவிட்டார்.

ஸ்பேனர் மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணி பக்கத்தில் போய் நின்றான்.

"பலே திட்டம் அண்ணி. டம்ளரை எந்த நேரத்துல எடுக்கணும்கிறது வரைக்கும் சொல்லிக் குடுத்தீங்களா?"

"நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலை. குழாய் கதையையும் லைசென்ஸ் கதையையும் சொல்லி, உங்க அண்ணனைத் தடுங்கன்னேன், அவ்வளவுதான்." அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ உதட்டைப் பாரு. நனைஞ்சிருக்கு. ஒரு வாய் உள்ள போயிடுச்சு."

டீச்சரை அண்ணன்காரர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வாய் ஏதேதோ புலம்ப, ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார். கூட்டம் வழிவிட்டது, பிறகு பின்னாலேயே வந்தது.

நர்ஸ் ஒரே பார்வையில் கட்டிலைக் காட்டினாள். "வயித்தைக் கழுவணும். உடனே. நல்ல தண்ணி வேணும்." பிறகு தன் தொட்டியை நினைத்துக்கொண்டவள்போல் தலையைக் குனிந்தாள். "எங்ககிட்ட ஒரு சொட்டு இல்லை."

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சதுக்கத்தில் துப்பியவள் முந்தானைக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். பாதிதான் இருந்தது. அதை நர்ஸ் கையில் திணித்தாள். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் வீட்டுக்கு ஓடினார். அவர் பின்னால் இன்னொருவர். சொம்பிலும் பாட்டிலிலும் பால் பாத்திரத்திலுமாகத் தண்ணீர் வந்தது. ஸ்பேனர் வாங்கி வாங்கி உள்ளே கொடுத்தான்.

சாயங்கால வெளிச்சம் போவதற்குள் டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துவிடுவாள் என்றார். வராந்தாவில் கடன் அதிகாரி சேர்மனிடம், எல்லாக் குழாயையும் தோண்டி எடுத்தாக வேண்டும், அதுவரை அடுத்த தவணை நிற்கும், எவ்வளவு காலம் என்று தன்னால் சொல்ல முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் யாரும் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டியிருந்தது.

ஹார்டுவேர் கடைக்காரரைப் போலீஸ் வாசலிலேயே பிடித்து வைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் கட்டிலருகே வந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த இன்ஜினியர் அவரைப் பார்த்ததும் எழுந்து குறுக்கே நின்றார்.

"சார், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைக் கேளுங்க."

டீச்சர் கண்ணைத் திறந்தாள். தொண்டை புண்ணாகியிருந்ததால் குரல் காற்றாக வந்தது. ஸ்பேனரும் அண்ணியும் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"கடை என் பேர்லதான் இருக்கு சார். என்னையும் எழுதிக்கோங்க."